வீட்டில் வென்டிலேட்டரோடு ஒரு குழந்தை: வடசென்னைப் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது ராயபுரத்திலிருந்து மணலி வரை வீடு வீடாகப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். காசிமேட்டில் காலையில் பதில் சொன்ன சந்தேகத்தை மாலையில் வியாசர்பாடியில் வேறொரு தாய் கேட்பார். அதனால் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் குழந்தைக்கென்று மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவு இதிலிருந்து மாறுபட்டால், அவர் எழுதியதையே பின்பற்றுங்கள்.

சிஸ்டர், வென்டிலேட்டர் என்றால் உயிர் போகிற நேரத்தில் வைப்பதுதானே? அதை எப்படி வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள்?

ஐ.சி.யூ.வில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சில நாட்களுக்கான உதவி. நுரையீரல் தேறியதும் எடுத்துவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு வேறு எல்லாம் தேறிவிடும், மூச்சு இழுக்கும் வலு மட்டும் வராது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய், பிறவித் தசை நோய்கள், கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் அடிபட்டது, குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் கெட்டது, தூங்கினால் மூச்சுவிட மூளை மறந்துபோகும் அரிய பிறவிக் குறை என்று காரணங்கள் பல.

இவர்களுக்கு ஐ.சி.யூ. படுக்கையால் இனிப் பயன் குறைவு, தொற்றுதான் மிச்சம். வீட்டுக்கான வென்டிலேட்டர் ஒரு சூட்கேஸைவிடச் சிறியது. உள்ளே இருக்கும் காற்றாடி அறைக் காற்றையே இழுத்துத் தள்ளும். மருத்துவமனையில் இருப்பதுபோல் சுவரிலிருந்து வரும் காற்றுக் குழாய் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோகப் போகும் அதே கருவியில், அமைப்பை மாற்றாமல், சில வாரம் குழந்தை நிலையாக இருந்த பிறகே அனுப்புவார்கள். அதற்கு முன்பே அனுப்புகிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்தால் போதாதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஆக்ஸிஜன் என்பது உள்ளே போகும் காற்றின் தரம், வென்டிலேட்டர் என்பது அதை உள்ளே தள்ளும் கை. தசை வலுவில்லாத குழந்தைக்கு ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவி 98 என்று அழகாகக் காட்டும். உள்ளே கரியமில வாயு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். காலையில் தலைவலி, நெற்றியில் வியர்வை, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று தெரிய வரும்போது நிலைமை முற்றியிருக்கும். வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் பல குழந்தைகளுக்குத் தனியாக ஆக்ஸிஜனே தேவைப்படுவதில்லை.

கழுத்தில் ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டுமா? முகமூடியோடு விட முடியாதா?

இரவில் மட்டும் உதவி போதும், எச்சிலை விழுங்க முடிகிறது, ஓரளவு இருமவும் முடிகிறது என்றால் முகமூடி போதும். நாள் முழுக்கத் தேவைப்பட்டாலோ, எச்சிலும் சளியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமிதான் பாதுகாப்பு. முகமூடியை ஓயாமல் இறுக்கிக் கட்டினால் மூக்குப் பாலம் புண்ணாகும். வளரும் பிள்ளைக்கு முகத்தின் நடுப்பகுதி தட்டையாகிப் போவதும் உண்டு.

ஆனால் கழுத்துக் குழாயை ஒத்துக்கொள்வது ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்கு மட்டும் கொடுக்கும் சம்மதம் ஆகாது. அது வீட்டின் அடுத்த பல வருடங்களுக்கான சம்மதம். கையெழுத்துப் போடுமுன் இந்தப் பக்கத்தின் கடைசி மூன்று கேள்விகளையும் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு ஒரே அறை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதில் எப்படி?

வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில், ஒற்றை அறையில், ஐந்து பேர் நடுவே நன்றாக இருக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தனி அறை கொடுத்துக் கதவைச் சாத்தி வைத்த வீட்டில்தான் அலாரம் யார் காதிலும் விழாமல் போனது. கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க இடம், நிலக் கம்பி இணைப்புள்ள மின்செருகி, அடுப்பும் விளக்கும் கற்பூரமும் எட்ட இருப்பது ஆகிய மூன்றும் முக்கியம். ஆக்ஸிஜன் ஓடும் வீட்டில் கடைசியாகச் சொன்னதில் சமாதானமே கிடையாது. குத்துவிளக்கை வாசல் பக்கம் நகர்த்துங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மாடிப்படிதான் உண்மையான சிக்கல். தூக்க எத்தனை பேர், மெஷினை யார் பிடிப்பது, படியில், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பையை யார் அழுத்துவது என்று குழந்தை வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை இறங்கிப் பாருங்கள். முதல் ஒத்திகை புயலன்று வேண்டாம்.

என்னென்ன வாங்க வேண்டும்? கடைக்காரர் நீளமாகப் பட்டியல் கொடுத்துவிட்டார்.

கழுத்துக் குழாய் உள்ள குழந்தைக்கு இவை இல்லாமல் வீட்டுக்கு வரவே கூடாது: வென்டிலேட்டர், அதற்கு மாற்று மின்வழி, சளி உறிஞ்சும் சக்ஷன் கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், கையால் அழுத்தும் அம்பு பை, காற்றை ஈரப்படுத்தும் கருவி, மாற்றுக் கழுத்துக் குழாய் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று அதே அளவு, மற்றது அரை அளவு சிறியது. அதாவது 4.0 போட்டிருந்தால் ஒரு 4.0, ஒரு 3.5. நாள் முழுக்க மெஷினை நம்பி இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வென்டிலேட்டரும் வேண்டும். வாங்க முடியாவிட்டால், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுக் கருவி வரும் என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பட்டியலில் இருக்கும் விலையுயர்ந்த காற்றுச் சுத்திகரிப்பான், தானாக மடங்கும் கட்டில் எல்லாம் காத்திருக்கலாம். அந்தப் பணத்தில் காலால் மிதித்து இயக்கும் சக்ஷன் ஒன்று வாங்குங்கள். பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது, விலை குறைவு என்பதால் இருக்கலாம்.

சளி எடுக்கும்போது முகம் சிவந்து துடிக்கிறான். எத்தனை முறைதான் எடுப்பது?

மணிக்கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கரகரப்புக் கேட்டால், குழாயில் சளி தெரிந்தால், மெஷினில் அழுத்தம் ஏறினால், ஆக்ஸிமீட்டர் காட்டும் இரத்த ஆக்ஸிஜன் அளவான சாச்சுரேஷன் இறங்கினால் எடுங்கள். சக்ஷன் குழாயின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: கழுத்துக் குழாயின் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 4.0 என்றால் 8-ஆம் எண். அதற்கு மேல் தடித்தது உள்ளே போனால் மூச்சுக்கு வழியே இராது.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தடுக்கும் வரை உள்ளே விட்டால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகி, சளியில் இரத்தக் கீற்று வரும். கையிலிருக்கும் மாற்றுக் குழாயில் சக்ஷன் குழாயை விட்டு, நுனி எட்டும் இடத்தில் அடையாளம் போட்டு, அந்த நீளத்தோடு நிறுத்துங்கள். உள்ளே விடும்போது உறிஞ்ச வேண்டாம், வெளியே எடுக்கும்போது உறிஞ்சுங்கள். உள்ளே போய் வெளியே வரும்வரை பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். உங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள், எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. வாயில் விட்ட குழாயைக் கழுத்துக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் உப்புநீர்ச் சொட்டு விடும் பழைய பழக்கமும் வேண்டாம். சளி கெட்டியானால் ஈரப்பதத்தைச் சரிபாருங்கள்.

மெஷின் ஓயாமல் கத்துகிறது. எந்தச் சத்தத்துக்கு ஓடுவது, எதை விடுவது?

எல்லாவற்றுக்கும் ஓடுங்கள். ஓடியதும் திரையைப் பார்க்காதீர்கள். முதலில் குழந்தை, அடுத்து கழுத்து, அப்புறம் பைப், கடைசியில் மெஷின். மார்பு ஏறி இறங்குகிறதா, உதடு நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் குறைவு என்றால் எங்கோ கழன்றிருக்கிறது. அழுத்தம் அதிகம் என்றால் சளி அடைப்பு, பைப்பில் தேங்கிய தண்ணீர், அல்லது பிள்ளை மேலேயே படுத்திருக்கும் தம்பி. தேங்கிய தண்ணீரைக் குழந்தையின் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்து வடியுங்கள்.

காரணம் தெரியவில்லை, குழந்தை சரியில்லை என்றால் மெஷினைக் கழற்றி அம்பு பையால் மூச்சுக் கொடுங்கள். பை இலகுவாக அழுந்தி மார்பு எழுந்தால் கோளாறு மெஷினில். பை கல்லாக இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, சக்ஷன் போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் அந்த விநாடியே குழாயை மாற்றுங்கள். புதியது போகவில்லையா, அரை அளவு சிறியது. அதுவும் போகாவிட்டால், மூக்கிலும் வாயிலும் தொடங்கும் மேல் மூச்சுவழி திறந்திருக்கும் குழந்தைக்கு, கழுத்து ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு மூக்கும் வாயும் சேர்த்து மாஸ்க் வைத்து அம்பு பையை அழுத்துங்கள். உங்கள் குழந்தையின் மேல்வழி திறந்திருக்கிறதா என்பதை இன்றே மருத்துவரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

எங்கள் தெருவில் மழை பெய்தாலே கரண்ட் போகும். இன்வெர்ட்டர் தாங்குமா?

கணக்கைப் போடுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. நடைமுறையில் 1,200 கிடைத்தால் நல்லது. வென்டிலேட்டர் 60 வாட், ஒரு மின்விசிறி 60 வாட் என்றால் பத்து மணி நேரம் வரும். அதே இன்வெர்ட்டரில் 350 வாட் இழுக்கும் ஆக்ஸிஜன் கன்சன்ட்ரேட்டரையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம்தான். ஆகவே மின்சாரம் போனால் கன்சன்ட்ரேட்டரை நிறுத்திச் சிலிண்டருக்கு மாறுங்கள். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் 25 மணி நேரம் ஓடும். சூடேற்றும் ஈரப்பதக் கருவியையும் நிறுத்திவிட்டு, கழுத்துக் குழாயில் செருகி மூச்சின் ஈரத்தைத் தக்கவைக்கும் செயற்கை மூக்கைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், செயற்கை மூக்கு நனைந்து அடைத்துக்கொள்ளும்.

இவை போக மெஷினுக்கு உள்ளேயே ஒரு பேட்டரி உண்டு. ரகத்தைப் பொறுத்துச் சில மணி நேரம் தாங்கும், பழசானால் பாதிதான். மாதம் ஒருமுறை செருகியைப் பிடுங்கி உண்மையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள், அருகில் அம்பு பையோடு ஒருவரை நிறுத்திக்கொண்டு. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் எல்லாம் பக்காவாக இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் எட்டு மாதமாக யாருக்கும் நினைவில்லை. நாற்பது நிமிடத்தில் படுத்துவிட்டது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கத்தில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன, தண்ணீரும் வடியவில்லை. அந்த அளவுக்கு எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. அக்டோபரிலேயே மருத்துவரிடம் பேசி, புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே எங்கே போய்ச் சேர்வது என்று முடிவு செய்யுங்கள். தெரு முழங்கால் தண்ணீரான பிறகு கிளம்புவது எல்லாவற்றிலும் மோசம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதில் புகார் சொல்வதோடு நிற்காமல், உயிர்காக்கும் கருவி ஓடும் வீடு இது என்று உங்கள் பகுதி உதவிப் பொறியாளருக்குக் கடிதமும் கொடுத்து வையுங்கள். உடனே வருவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் கடிதம் கொடுத்த வீட்டின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாம்பிராணி போடலாமா? கொசு தாங்க முடியவில்லை.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். வலை கட்டுங்கள். மூக்கு என்ற வடிகட்டியைத் தாண்டி நேராக நுரையீரலுக்குக் காற்று போகும் குழந்தை இது. வென்டிலேட்டர் எங்கிருந்தோ சுத்தக் காற்றைக் கொண்டுவருவதில்லை என்று முதல் பதிலிலேயே சொன்னேன். மிளகாய் தாளித்தால் மிளகாய்க் காற்று, போகியன்று டயர்க் காற்று, கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிந்தால் அந்தக் காற்று. மெஷினின் பின்னால் இருக்கும் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எண்ணூர், மணலி வீடுகளில் அது கறுத்துப்போகும் வேகம் எனக்கே திகைப்பாக இருக்கும்.

அந்தப் பஞ்சு தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி நெடி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார வேண்டாம். அவசரத்துக்கென்று நிரப்பி வைத்த பையை எடுத்துக்கொண்டு காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள்.

தலைக்குக் குளிப்பாட்டலாமா?

தாராளமாக. உட்கார்த்தியோ சாய்த்தோ, கழுத்துக்குக் கீழே தனியாக, தலைக்குத் தனியாக. கழுத்துக் குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. பவுடர் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் பாட்டி வைத்தியம் எந்தக் குழந்தைக்கும் ஆபத்து, இந்தக் குழந்தைக்கு இரட்டிப்பு ஆபத்து. கழுத்து நாடாவை நனைந்ததும் மாற்றுங்கள், இரண்டு பேராக: ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றவர் கட்ட. நாடாவுக்கடியில் ஒரு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம்.

வாயால் சாப்பிடுவாளா? இனி குரலே வராதா?

விழுங்கும் திறன் இருந்தால் கழுத்துக் குழாயோடும் சாப்பிடலாம். சோதித்துச் சொன்ன பிறகு மட்டும். மூக்கு வழியோ வயிற்று வழியோ குழாயில் கொடுத்தால், தலைப்பக்கம் முப்பது பாகையாவது உயர்த்தி வையுங்கள். கொடுத்து முடித்தும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். கேழ்வரகுக் கஞ்சியை நன்றாக வடிகட்டாமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

குரல் பல பிள்ளைகளுக்கு வருகிறது. குழாயைச் சுற்றிக் கசியும் காற்றிலேயே சிலர் பேசிவிடுவார்கள். பேச்சு வால்வு என்ற சிறு மூடியும் உண்டு. கழுத்துக் குழாயில் ஊதப்பட்ட பலூன் இருக்கும்போது அதை மாட்டினால் உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழியிருக்காது, உயிர்போகும். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் முதல்முறை மாட்ட வேண்டும்.

அப்படியானால் இரவில் நான் தூங்கவே கூடாதா சிஸ்டர்?

இதைக் கேட்பவர் எப்போதும் தாய்தான். அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, வீட்டில் கழுத்துக் குழாய் வழி வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையருகே பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்கிறது. குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. விழித்திருப்பது ஒருவர் என்றுதான் அதில் இருக்கிறது. அது அம்மா என்று எங்கும் இல்லை.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மெஷினைப் பார்க்குமுன் நான் கேட்பது, நேற்றிரவு யார் விழித்திருந்தது என்பதுதான். மூன்று நாளாக ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டில் விபத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை வேலையென்றால் இரவு பத்திலிருந்து ஒன்று வரை அவர், பிறகு சித்தி, நான்கு மணிக்கு அம்மா. தாத்தாவுக்குக் கை நடுங்கினாலும் அலாரம் கேட்டு மற்றவரை எழுப்ப முடியும். எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு அம்பு பையை அழுத்தக் கற்றுக்கொடுத்தோம், மருத்துவமனையில் சிலர் செய்வதைவிடச் சீராகச் செய்கிறாள். கற்றுக்கொண்டவர் எல்லோரும் குழாய் மாற்றுவதை மருத்துவமனையில் ஒருமுறையாவது தம் கையால் செய்திருக்க வேண்டும், பார்த்தது போதாது. 'எனக்கு இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும்' என்று சொல்லும் அப்பாக்களை நான் விடுவதில்லை. அங்கே இரத்தமே இல்லை, சளிதான்.

108-ஐக் கூப்பிட்டால் எங்கே கொண்டு போவார்கள்?

நிலைமையையும் தூரத்தையும் பொறுத்தது. இந்தப் பக்கத்துக்குப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இன்னொன்று. போன் செய்யும்போதே 'கழுத்தில் குழாய், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை' என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். வரும் வண்டியில் வென்டிலேட்டர் இருக்கும் என்று எண்ணாமல், உங்கள் மெஷின், அம்பு பை, சக்ஷன், மாற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். மெஷின் அமைப்பு எண்களை எழுதிய ஒரு தாள் பையில் இருக்கட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் நேரமும், மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடுவதும் நீங்கள் அறிந்ததே. பத்து நிமிட வழி ஒரு மணி நேரமாகலாம் என்று வைத்தே பையை நிரப்புங்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கிறது. மெஷினுக்குப் பணம் கிடைக்குமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் சக்ஷன் குழாய்க்கும் வீட்டு வாடகை மெஷினுக்கும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மருத்துவமனையில் இருக்கும்போதே வாங்குங்கள். வெளியே வந்த பிறகு இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு அலைய முடியாது. கடும் பாதிப்பு, தசைச் சிதைவு, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தமிழக அரசு தருகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சைக்கும் வலிநிவாரண ஆதரவுக்கும் வீட்டுக்கே வருவார்கள், உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பள்ளி வயது வந்தால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார், அதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படி வைத்துக்கொண்டிருப்பது குழந்தையைக் கஷ்டப்படுத்துவது என்று மாமியார் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

அந்த அம்மா கொடுமைக்காரர் இல்லை. பல வீடுகளில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். பதில் குழந்தைக்குக் குழந்தை மாறும். தசை நோயுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் அறிவு முழுதாக இருக்கும், கண்ணால் சிரித்து, கார்ட்டூனுக்குச் சண்டை போடும். நாளுக்கு நாள் மூளை அழிந்துகொண்டே வரும் நோயில், மெஷின் வலியின் நாட்களை மட்டும் நீட்டக்கூடும்.

கழுத்துக் குழாய்க்குக் கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: இந்த நோய் போகப் போக என்ன செய்யும், மெஷின் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது, மெஷின் வேண்டாம் என்றால் மூச்சுத்திணறல் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு. வலிநிவாரண மருத்துவம் அதற்குத்தான் இருக்கிறது, அதைத் தேர்ந்தவர்கள் குழந்தையைக் கைவிட்டவர்கள் ஆக மாட்டார்கள். வேண்டும் என்று சொன்னவர்களையும் வேண்டாம் என்று சொன்னவர்களையும் நான் அறிவேன். இரு சாராரிடமும் போய்த்தான் தேநீர் குடிக்கிறேன்.

ஒரு நாள் மெஷினை எடுத்துவிட முடியுமா?

நோயைப் பொறுத்தது. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் கெட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளரப் புதிய நுரையீரல் திசு உண்டாகி, பள்ளி வயதுக்குள் வென்டிலேட்டரை விட்டு வந்துவிடுகிறார்கள். பிறவியிலேயே தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறை வாழ்நாள் முழுக்க இருக்கும், ஆனால் வளர்ந்தபின் பலருக்கு இரவில் மட்டும் போதும். முற்றிய தசை நோய்களில் எடுப்போம் என்று நான் சொன்னால் அது பொய்.

எடுக்கும்போதும் பகலில் ஒரு மணி, இரண்டு மணி என்றுதான் தொடங்கும். இரவு கடைசியில். மூச்சு வேகமானாலோ எடை ஏறுவது நின்றாலோ அது அவசரப்பட்டதன் அறிகுறி, சாச்சுரேஷன் நன்றாக இருந்தாலும் சரி. ஏன் என்று இரண்டாவது பதிலில் இருக்கிறது. மெஷின் போன பிறகும் கழுத்துக் குழாய் சில மாதம் இருக்கும், அதனால் சக்ஷனும் இரவு முறையும் தொடரும். வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்க மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒரு மழைக்காலச் சளியை அது இல்லாமல் கடக்கட்டும், பிறகு கொடுங்கள்.